ஆள் என்னும் சொல்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பங்குக் குரு ஆற்றிய உரை)



பொன்விழா மலருக்காக நம் பங்கின் கணக்குகளைத் தொகுத்துத் தரும்படி மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டிருந்தார்கள். குடும்பங்கள் எத்தனை, இந்த ஐம்பது ஆண்டுகளில் ஞானஸ்நானங்கள் எத்தனை, திருமணங்கள் எத்தனை, அடக்கங்கள் எத்தனை என்று பதிவேடுகளைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தோம். பழைய ஏடுகளில் மை மங்கிவிட்டது. சில பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது. எண்ணிக்கொண்டு போகையில் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்து கை அப்படியே நின்றுவிட்டது. 'மனித மாண்பு' என்று இன்று மாலை நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பை அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறோர் ஊரில் துணைக்குருவாக இருந்தோம். எந்த ஊர் என்று கேளாதீர்கள். வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போது குடும்பப் படிவத்தையும் கையோடு கொண்டுபோய் நிரப்பி வரும்படி அங்கிருந்த பங்குக் குரு சொல்லியிருந்தார். ஒரு வீட்டில் தகப்பனாரிடம், "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டோம். "இரண்டு பேர் சாமி" என்றார். இரண்டு என்று எழுதினோம். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதியாயிற்று. தீர்த்தம் தெளித்துக்கொண்டே பின்கட்டு அறைப் பக்கம் போனபோது தாயார் குறுக்கே வந்து, "அங்கே ஒன்றுமில்லை சாமி" என்றார். உள்ளே யாரோ முனகும் சத்தம் கேட்டது. உடன் வந்த உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், பன்னிரண்டு வயது, பிறந்ததிலிருந்து படுக்கைதான், பேச்சில்லை, மூத்தவளுக்கு வரன் பார்க்கும் சமயமாகையால் வெளியே சொல்வதில்லை என்றார். நாம் என்ன செய்தோம் தெரியுமா? அடுத்த வீட்டுக்குப் போனோம். இருட்டுவதற்குள் இன்னும் முப்பது வீடுகளை மந்திரிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் இரண்டு என்பது இரண்டாகவே இருந்தது.

அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. அவர்கள் பயந்தார்கள், அந்தப் பயத்திற்குக் காரணமும் இருந்தது. பேனாவைக் கையில் வைத்திருந்தவர்கள் நாம்.

இனித் தலைப்புக்கு வருவோம். மனித மாண்பைப் பற்றிப் பேசும் மெய்யியலாருக்குப் 'பெர்சன்' என்ற சொல் இல்லாமல் ஓர் அடிகூட நகராது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? புத்தகங்களில் 'ஆளுமை' என்று எழுதுகிறார்கள். ஆனால் நம் முன்னோர் ஞான உபதேசத்தில் கற்றது மிக எளிய சொல். சர்வேசுரன் ஒருவரே, அவரில் ஆட்கள் மூவர் என்று பாட்டியின் மடியில் உட்கார்ந்து படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பிதா ஓர் ஆள், சுதன் ஓர் ஆள், பரிசுத்த ஆவி ஓர் ஆள். அதே சொல்லைத்தான், "நாளைக்கு நாற்று நட எத்தனை ஆள் வேண்டும்?" என்று கேட்கும்போதும் சொல்கிறோம். தம திரித்துவத்துக்கு உரிய சொல்லும் நாள் கூலிக்கு வருகிறவருக்கு உரிய சொல்லும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். திட்டமிட்டு வைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, நமக்குத் தெரியாது. ஆயினும் இதைவிட நல்ல மெய்யியல் பாடம் ஒன்றைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இலத்தீனில் 'பெர்சோனா' என்பது முதலில் நாடகக்காரர் அணியும் முகமூடிக்குப் பெயராக இருந்தது. தம திரித்துவத்தையும் கிறிஸ்துநாதரையும் பற்றித் தெளிவாகப் பேச வேண்டிய தேவை ஏற்பட்டபோது ஆதித் திருச்சபையின் அறிஞர்கள் அச்சொல்லை எடுத்துப் புதுப் பொருள் கொடுத்தார்கள். முகமூடிக்கு இருந்த பெயர் முகத்துக்கே வந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயெத்தியுஸ், பகுத்தறிவுள்ள இயல்பினைக் கொண்ட தனிப்பொருளே ஆள் என்று இலக்கணம் வகுத்தார். இயற்கை முழுவதிலும் ஆளைவிட நிறைவானது வேறொன்றில்லை என்றார் புனித தோமாஸ் அக்குவினார். இவற்றையெல்லாம் குருமடத்தில் இலத்தீனிலேயே மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த வீட்டு வாசலில் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தவர்கள் பிற்காலத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய 'பெர்சனலிசம்' என்னும் சிந்தனைப் போக்கினர். ஆள்மைத் தத்துவம் என்று வைத்துக்கொள்வோமே.

அவர்களோடு சேர்த்து எண்ணத்தக்க ஒருவர் கபிரியேல் மர்சேல். 1889-ல் பாரிசில் பிறந்தவர். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது உடல்நலம் இடங்கொடாததால் அவர் போர்முனைக்குப் போகவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமற்போன போர்வீரர்களைப் பற்றிய விவரம் திரட்டும் வேலையில் அமர்ந்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அதில் பெயரும் விவரங்களும். தாய்மாரும் மனைவிமாரும் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, "என் மகனைப் பற்றிச் செய்தி உண்டா?" என்று கேட்பார்கள். மேசைமேல் இருந்தது அட்டை. எதிரில் இருந்தது முகம். நாளடைவில் அட்டை ஒவ்வொன்றும் தம்மை நோக்கி எழும் கூக்குரலாகத் தோன்றத் தொடங்கியதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். 'அவன்' என்று ஒருவனைப் பற்றி விவரம் சேர்ப்பது வேறு, 'நீ' என்று ஒருவனை விளிப்பது வேறு என்ற அவருடைய சிந்தனைக்கு அந்த மேசையும் ஒரு தொடக்கம். அவர் 1929-ல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரானார். எத்தனையோ வீடுகளில் படிவம் நிரப்பிய நமக்கு இதைப் படித்தபோது முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எம்மானுவேல் மூனியே. 1905-ல் பிரான்சு நாட்டில் கிரெனோபிள் நகரில் பிறந்தார். மெய்யியலில் நாட்டளவில் நடந்த தேர்வில் 1928-ல் இரண்டாம் இடம் பெற்றார். பல்கலைக்கழகப் பதவியை நோக்கிப் போகும் பாதை திறந்திருந்தது. அதை விட்டுவிட்டு, 27 வயதில், 1932 அக்டோபரில் 'எஸ்ப்ரி' என்ற மாத இதழைத் தொடங்கினார். கையில் பணமில்லை. கத்தோலிக்கரும் புரோட்டஸ்தாந்தினரும் யூதரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அதில் சேர்ந்து எழுதினார்கள்.

காலம் எப்படிப்பட்டது? 1929-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் தொழிலாளர் தெருவில் நின்றார்கள். அவனவன் பாடு அவனவனுக்கு என்று பணத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு புறம். மறு புறத்தில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும் மனிதனைச் செங்கல்லாக்கி அரசு என்னும் சுவரில் வைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் ஆள் காணாமற்போகிறான் என்றார் மூனியே. முதலாவதில் அவன் தனியன் ஆகிறான். காட்டில் கூட்டத்தைப் பிரிந்து திரியும் யானையை நம்மவர் தனியன் என்கிறார்களே, அதன் மூர்க்கமும் தனிமையும் அவனுக்கு வந்துவிடுகின்றன. இரண்டாவதில் அவன் எண் ஆகிறான். ஆள் என்பவனோ தன்னைவிட்டு வெளியே வந்து பிறரிடம் போவதால்தான் ஆளாகிறான்; பிறரைப் புரிந்துகொள்ள முயல்கிறான், அவர்கள் பாரத்தைத் தன் தோள்மேல் ஏற்கிறான், கணக்குப் பாராமல் கொடுக்கிறான், கொடுத்த வாக்கில் நிலைத்திருக்கிறான். தாம் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய நூலில் இவற்றை வரிசையாகவே சொல்கிறார்.

மூனியே தவறே செய்யாதவர் என்று நாம் சொல்ல மாட்டோம். 1940-ல் பிரான்சு வீழ்ந்தபின் விஷி அரசாங்கத்தின் அனுமதியோடு இதழை நடத்தினார். அந்த அரசுக்குள்ளேயே நல்லதைச் செய்யலாம் என்று சிறிது காலம் நம்பினார். அது தப்புக் கணக்கு. 1941 ஆகஸ்டில் அரசு இதழைத் தடை செய்தது. 1942-ல் அவரைச் சிறையில் வைத்தது; விசாரணை இல்லாமல் அடைத்து வைத்ததை எதிர்த்து அவர் உண்ணாநோன்பு இருந்தார். விடுதலையான பிறகு வேறு பெயரில் மறைந்து வாழ்ந்தார். 1950 மார்ச்சில், 45 வயதுகூட நிறையாமல், மாரடைப்பால் இறந்தார்.

ஆனால் இவை எதுவும் நமக்கு முக்கியமில்லை. அவருக்கு 1938-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் பிரான்சுவாஸ். சில மாதங்களில், பெரியம்மைத் தடுப்பூசியை அடுத்து மூளையில் அழற்சி ஏற்பட்டுக் குழந்தையின் அறிவு முழுவதும் அணைந்துபோயிற்று. (இதைக் கேட்டுவிட்டுத் தாய்மார் யாரும் தடுப்பூசிக்குப் பயந்துவிடாதீர்கள். அது அந்தக் காலத்து ஊசியில் மிக அபூர்வமாக நேர்ந்தது. அந்த ஊசியால்தான் பெரியம்மையே உலகைவிட்டுப் போய்விட்டது. 1980-ல் அது அறிவிக்கப்பட்டது.) நடக்கவில்லை, பேசவில்லை, தகப்பனை அடையாளம் கண்டுகொண்டதற்கும் அறிகுறி இல்லை.

இங்கேதான் மெய்யியலுக்குப் பரீட்சை வருகிறது. பகுத்தறிவு உள்ளவனே ஆள் என்றால், பகுத்தறிவின் பொறியே காணப்படாத குழந்தை யார்? தன்னைக் கொடுப்பவனே ஆள் என்றால், எதையும் கொடுக்க முடியாத குழந்தை யார்? மூனியே எழுதிய இலக்கணத்தின்படியே அவருடைய சொந்த மகள் ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறதே!

நமக்குத் தோன்றும் விடை இது. பகுத்தறிவுள்ள 'இயல்பு' என்றுதான் போயெத்தியுஸ் சொன்னார். பகுத்தறிவைப் பயன்படுத்தும் திறமை என்று சொல்லவில்லை. தூங்குகிறவனும் ஆள்தான், மயங்கிக் கிடப்பவனும் ஆள்தான். திறமை வரும், போகும். இயல்பு வருவதுமில்லை, போவதுமில்லை. சரியான விடைதான். ஆனால் அதைக் கொண்டு ஒரு தகப்பன் இரவைக் கழிக்க முடியாது. மூனியே அதற்கு மேலே போனார். போர்க்காலத்தில் மனைவி பவுலெத்துக்கு எழுதிய கடிதங்களில் அது தெரிகிறது. இதை ஒரு விபத்தாக எண்ணித் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று எழுதினார். மகளின் கட்டிலை நெருங்கும்போது பலிபீடத்தை நெருங்குவது போன்ற உணர்வு தமக்கு உண்டாவதாகச் சொன்னார். வெண்ணிற அப்பத்தில், பார்வைக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், ஆண்டவர் பிரசன்னமாயிருப்பதை விசுவசிக்கிறவருக்கு அந்தக் கட்டிலில் ஒரு பிரசன்னம் தெரிந்தது. அவள் ஒன்றும் கொடுக்கவில்லை, ஆனாலும் கூப்பிட்டாள். அந்த அழைப்பைக் கேட்டு அவளுக்கு உண்மையாக இருந்ததால் தாயும் தகப்பனும் இன்னும் முழுமையான ஆட்களானார்கள்.

அதே ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரான்சுவாஸ் போன்றவர்களை, அதாவது மூளை வளர்ச்சி குன்றியவர்களையும் மனநோயாளிகளையும், வாழத் தகுதியற்ற உயிர்கள் என்று நாஜி அரசு தரம் பிரித்தது. 1940 தொடங்கி 1941 ஆகஸ்டு வரைக்குள் 70,000-க்கும் மேற்பட்டோரை நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். அதற்கும் படிவம்தான் கருவி. நோயாளியால் என்ன வேலை செய்ய முடியும் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. நோயாளியின் முகத்தையே பாராத மருத்துவர்கள் படிவத்தைப் படித்து ஓரத்தில் குறி இட்டார்கள். மூன்ஸ்டர் நகர மேற்றிராணியார் கிளமென்ஸ் வான் காலென் 1941 ஆகஸ்டு 3-ஆம் தேதி கோயில் பிரசங்க மேடையிலேயே இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பயன்படாதவரைக் கொல்லலாம் என்று ஆகிவிட்டால், நாம் முதுமை அடைந்து தளரும்போது நம் கதி என்ன என்று கேட்டார். பிரசங்கத்தின் பிரதிகள் கைக்குக் கை இரகசியமாகப் பரவின. அந்த மாதம் 24-ஆம் தேதி அத்திட்டத்தை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டான். மறைவில் கொலைகள் தொடர்ந்தன என்பதையும் சொல்லாமலிருக்க முடியாது.

நாஜிகளின் பிடியிலிருந்த போலந்தில் அப்போது ஓர் இளைஞர் கல்லுடைத்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தை ஜெர்மானியர் மூடிவிட்டதால் 1940-ல் கற்சுரங்கத்துக்கும் மறு ஆண்டு சால்வே இரசாயனத் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போனார். அவர்தாம் பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரான கரோல் வொய்த்திவா. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது அவரைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். அவரும் இந்த மெய்யியல் வழியில் வந்தவரே. எந்த ஆளையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது, அன்பு ஒன்றே ஆளுக்குத் தகுந்த உறவு என்று 1960-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1969-ல் வந்த நூலின் பெயரைத் தமிழாக்கினால் 'ஆளும் செயலும்' என்றாகும். தன்னைத்தானே ஆள்கிறவன் ஆள் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. நம் மொழி அதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது! 1981-ல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மனிதன் வேலைக்காக அல்ல, வேலைதான் மனிதனுக்காக என்றார். கல்லுடைத்தவர் சொன்னதால் அதற்கு ஒரு தனிக் கனம் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 டிசம்பர் 7-ல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 24-ஆம் பத்தியில் இதையே போதிக்கிறது. பூமியில் கடவுள் மனிதனை மட்டுமே அவனுக்காகவே விரும்பினார். அவனோ தன்னைக் கொடுத்தாலன்றித் தன்னைக் கண்டடைய மாட்டான். நேரம் கிடைக்கும்போது அந்தப் பத்தியை மட்டுமாவது வாசியுங்கள். நீளமானதன்று.

போலந்தும் பிரான்சும் கிடக்கட்டும். நம் ஊரில் இந்த 'ஆள்' என்னும் சொல் படும் பாடு என்ன? "அவர் யாருடைய ஆள்?" என்று கேட்கிறோம். "அவர் நம்ம ஆள்" என்று காதோடு சொல்கிறோம். நம்ம ஆள் என்றால் ஞானஸ்நானம் பெற்றவர் என்று பொருளா? இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மூன்று ஆட்களின் பெயரால் தலையில் தண்ணீர் வார்க்கப்பட்டவர்கள், அதே சொல்லைக் கொண்டு சாதி பிரிக்கிறோம். ஒரே பந்தியில் நன்மை வாங்குகிறவர்களுக்குச் செத்தபின் தனித்தனி இடம் வைத்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுத் திருச்சபையில் இருந்தன; எல்லாம் ஒழிந்துவிட்டன என்று சொல்ல நாக்கு எழவில்லை. வரன் பேசும்போது, "வீட்டில் ஊனமாக யாராவது உண்டா?" என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறவர்களும் நாம்தானே? நமக்குப் பயந்துதான் அந்தத் தாய் கதவை மறித்து நின்றார்.

அந்த வீட்டுக்கு மறுபடி போனதைச் சொல்லி முடிக்கிறோம். தபசு காலத்தில் பக்கத்து வீட்டு நோயாளிக்கு நற்கருணை கொண்டு போயிருந்தோம். திரும்பும்போது அந்தத் தாயார் வாசலில் நின்றார். "சாமி, உள்ளே வந்து அவள் நெற்றியிலும் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டார். நாமாகப் போகவில்லை, அவர்தாம் கூப்பிட்டார். பின்கட்டு அறை சுத்தமாக இருந்தது. தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். நெற்றியில் சிலுவை வரைந்தபோது அந்தப் பிள்ளை நம் விரலைப் பிடித்துக்கொண்டாள். அறிந்து பிடித்தாளோ, அறியாமல் பிடித்தாளோ, சொல்லத் தெரியவில்லை. விடுவித்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

கோயிலுக்குத் திரும்பி ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அப்போதைய பங்குக் குருவின் கையெழுத்தில், அவள் பெயர் ஒரு முழு வரியில் இருந்தது. மறுநாள் குடும்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனோம். மூத்தவளுக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் ஒன்று தட்டிப்போயிருந்தது. அதற்கு இதுதான் காரணமோ என்னவோ, கேட்க நமக்குத் துணிவில்லை. தகப்பனார் ஒன்றும் பேசாமல் படிவத்தை வாங்கினார். இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். வயதை எழுதினார். படிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும், "இதில் என்ன போடுவது சாமி?" என்று கேட்டார். ஒன்றும் போட வேண்டாம் என்றோம். வெறுமையாக விட்டுவிட்டு மேலே போய்ப் பெயரை எழுதினார்.